சவலைப்பிள்ளை செல்லப்பிள்ளையான கதை

ஜேம்ஸ் பாண்ட் ரசிகரிடம் இந்த வரிசையில் சிறந்த படம் எது என்று கேட்டுப் பாருங்கள். ‘கோல்டுஃபிங்கர்’ என்றோ ‘ஃப்ரம் ரஷ்யா வித் லவ்’ என்றோ சட்டென்று பதில் வரும். சரி, உங்கள் மனதுக்கு நெருக்கமான படம் எது என்று அடுத்துக் கேட்டால் பதில் கொஞ்சம் தாமதமாகும். கூடவே ஒரு விளக்கமும் வரும்; சில சமயம் மன்னிப்பு கேட்கிற தொனியில். 1962-ல் ‘டாக்டர் நோ’ தொடங்கி 2021-ல் ‘நோ டைம் டு டை’ வரை ஈயான் நிறுவனம் எடுத்த பாண்ட் படங்கள் 25. நாயகனாக நடித்தவர்கள் 6 பேர். அந்த ஆறு பேரில் ஒரே ஒரு படத்தோடு ஒதுங்கியவர் ஜார்ஜ் லேசன்பி. அவர் நடித்த ‘ஆன் ஹெர் மெஜஸ்டிஸ் சீக்ரெட் சர்வீஸ்’ (1969) இந்த இரண்டாவது கேள்விக்கான பதிலாக வியப்பூட்டும் அளவுக்கு அடிக்கடி வருகிறது. வெளியானபோது உதட்டைப் பிதுக்கி ஒதுக்கப்பட்ட படம், தயாரித்தவர்களே அடுத்த படத்தில் மறந்துவிட முயன்ற படம், எப்படி இத்தனை பேரின் செல்லப்படம் ஆனது? நீண்ட வரிசையில் ஒரு படத்தின்மேல் ஏற்படும் பற்று அந்தப் படத்துக்குள்ளேயே பிறந்துவிடுவதில்லை என்பது என் வாதம். மற்ற படங்கள் நமக்கு ஊட்டி வளர்த்த ஒரு நம்பிக்கையை அது எந்த இடத்தில் உடைக்கிறதோ, அந்த இடத்தில்தான் பற்று பிறக்கிறது.

முதலில் படத்தின் ஜாதகம். 1967-ல் வந்த ‘யூ ஒன்லி லிவ் டுவைஸ்’ படத்தில் வில்லன் ஓர் எரிமலையின் வயிற்றுக்குள் ராக்கெட் தளமே கட்டியிருந்தான். அதற்குமேல் பெரிதாக எதைக் காட்டுவது என்ற நிலை. ஐந்து படங்களில் நடித்துச் சலித்துப்போயிருந்த ஷான் கானரியும் விலகிக்கொண்டார். தயாரிப்பாளர்கள் ஆல்பர்ட் பிரோக்கோலியும் ஹாரி சால்ட்ஸ்மனும் தேடிப்பிடித்த புதியவர் லேசன்பி. ஆஸ்திரேலியாவில் கார் விற்றவர். லண்டனுக்கு வந்து விளம்பர மாடலானவர். சாக்லேட் விளம்பரம் ஒன்றால் முகம் தெரிந்தவர். சினிமாவில் நாயகனாக நடித்த அனுபவம் கிடையாது. படப்பிடிப்பின்போது அவருக்கு வயது 29. கதை, இயான் ஃபிளெமிங் 1963-ல் வெளியிட்ட நாவல். போர்ச்சுகல் கடற்கரையில், உயிரை மாய்த்துக்கொள்ள அலைக்குள் நடந்துபோகும் டிரேசி என்ற பெண்ணைப் பாண்ட் கரைக்கு இழுத்து வருகிறான். அவள் அப்பா ஒரு கடத்தல் கும்பலின் தலைவர். அவர் தரும் தகவல் பாண்டை சுவிட்சர்லாந்தின் பனிமலை உச்சிக்குக் கொண்டுபோகிறது. அங்கே ஒவ்வாமை சிகிச்சை மையம் என்ற போர்வையில் பழைய எதிரி புளோஃபெல்ட், உலகத்தின் பயிர்களையும் கால்நடைகளையும் மலடாக்கும் கிருமியோடு உட்கார்ந்திருக்கிறான். வழக்கமான சங்கதிதான். வழக்கத்தில் இல்லாதது, முடிவில் பாண்ட் டிரேசியைக் கல்யாணம் செய்துகொள்கிறான். மணக்கோலம் கலைவதற்குள் அவள் சுட்டுக் கொல்லப்படுகிறாள்.

வசூல் முந்தைய படத்தைவிடக் குறைவு. ஆனால் பலர் நினைப்பதுபோல நட்டமில்லை. அடி விழுந்தது பெயருக்குத்தான். கானரி இல்லாத பாண்ட் எடுபடாது என்று அன்றைய விமர்சகர்கள் பலர் தீர்ப்பு எழுதினார்கள். லேசன்பியும் உதவவில்லை. பாண்டின் காலம் முடிந்துவிட்டது, இனி ஹிப்பிகளின் காலம் என்று சொன்ன தன் மேலாளரின் பேச்சைக் கேட்டு, படம் வெளியாவதற்கு முன்பே விலகிவிட்டார். லண்டன் முதல் காட்சிக்குத் தாடியும் நீண்ட முடியுமாக வந்து நின்றார். 1971-ல் ‘டயமண்ட்ஸ் ஆர் ஃபாரெவர்’ படத்துக்குப் பெரும் சம்பளத்தில் கானரியைத் திரும்ப அழைத்து வந்தார்கள். அதன் தொடக்கத்தில் பாண்ட் ஆவேசமாகப் புளோஃபெல்டைத் தேடி அலைகிறான். மனைவியைக் கொன்றவனைத் தேடும் கணவன் என்றுதானே நினைப்போம்? டிரேசி என்ற பெயரே யார் வாயிலும் வராது. அடுத்த குழந்தை வந்ததும் மடியிலிருந்து இறக்கிவிடப்பட்ட சவலைப்பிள்ளையின் கதி.

பாண்ட் வரிசை பார்வையாளரோடு செய்துகொண்ட ஒப்பந்தம் ஒன்று உண்டு. எவ்வளவு பெரிய ஆபத்து வந்தாலும் இவனுக்கு ஒன்றும் ஆகாது. ஒரு படத்தில் நேர்ந்தது அடுத்த படத்தில் தழும்பாகக்கூடத் தெரியாது. ஒரு படத்தின் நாயகி அடுத்த படத்தில் இருக்கமாட்டாள். எங்கே போனாள் என்று யாரும் கேட்கக்கூடாது. கடைசியில் பாண்ட் மீண்டும் வருவார் என்ற வாசகம் திரையில் வரும். அடுத்த ஆண்டோ அதற்கடுத்த ஆண்டோ வந்தும்விடுவார். இதில் கேலி செய்ய எதுவும் இல்லை. இந்த உத்தரவாதத்துக்காகத்தான் ஜனங்கள் டிக்கெட் வாங்குகிறார்கள். ஆனால் இப்படிப்பட்ட வரிசையில் ஒரு படத்தை மட்டும் தனியாக எடுத்து நெஞ்சில் வைத்துக்கொள்வது கடினம். எல்லாமே ஒரே வீட்டுச் சாப்பாடு. எந்த நாள் சாப்பிட்டது சுவையாக இருந்தது என்று யாருக்கு நினைவிருக்கும்? ஒருநாள் அந்த வீட்டில் ஏதோ நடந்துவிட்டால், அன்றைய சாப்பாடு மட்டும் மறக்காது.

1969-ஆம் ஆண்டுப் படம் தன் கடைசி ஐந்து நிமிடத்தில் அந்த ஒப்பந்தத்தைக் கிழித்துப் போடுகிறது. கிழிப்பது சுலபம், எந்தப் படமும் கடைசியில் யாரையாவது சாகடிக்கலாம். இந்தப் படம் அதற்கு முன் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகச் செய்யும் ஏற்பாடு அதைவிட நுட்பமானது. மாரிஸ் பைண்டர் வடிவமைத்த டைட்டில் காட்சியில் ஒரு மணல் கடிகாரத்தின் வழியாகப் பழைய படங்களின் துண்டுகள் மணலோடு மணலாக விழுகின்றன. மேலதிகாரியோடு சண்டையிட்டு வேலையை விடப்போவதாகச் சொல்லும் பாண்ட், மேசை இழுப்பறையைக் காலி செய்கிறான். உள்ளிருந்து ஒவ்வொன்றாக வருகின்றன: ‘டாக்டர் நோ’ நாயகியின் கத்தி, ‘ஃப்ரம் ரஷ்யா வித் லவ்’ கொலைகாரனின் கைக்கடிகாரம், ‘தண்டர்பால்’ படத்தில் நீருக்கடியில் மூச்சுவிட உதவிய கருவி. ஒவ்வொன்றை எடுக்கும்போதும் அந்தந்தப் படத்தின் இசை ஒலிக்கிறது. டிரேசியின் அப்பாவிடம் பாண்டை இழுத்துப்போகும்போது, அங்கே தரையைக் கூட்டிக்கொண்டிருக்கும் ஆள் ‘கோல்டுஃபிங்கர்’ பாட்டைச் சீட்டியடிக்கிறான்.

இவற்றை வைத்ததன் காரணம் வியாபாரம்தான் என்பதில் சந்தேகமில்லை. முகம் மாறினாலும் ஆள் அதே ஆள்தான் என்று ரசிகரை நம்பவைக்க வேண்டியிருந்தது. ஆனால் வியாபாரத்துக்காகச் செய்த காரியம் கதைக்குள் வேறொரு வேலை செய்துவிட்டது. அதுவரை பாண்டுக்கு ‘நேற்று’ என்று ஒன்று இருந்ததில்லை. இந்த இழுப்பறைதான் அவனுக்கு முதன்முதலாகக் கடந்தகாலத்தைக் கொடுக்கிறது. கடந்தகாலம் உள்ளவனுக்குத்தான் எதிர்காலம் பற்றிய ஆசை வரும். ஆசை வந்தவனிடமிருந்துதான் எதையாவது பறிக்க முடியும். பழைய ஐந்து படங்களையும் மூலதனமாக வைத்துக்கொண்டுதான் இந்தப் படம் தன் கடைசி அடியை அடிக்கிறது. அவற்றைப் பார்த்திராதவருக்கு இந்த முடிவு வெறும் சோகக் காட்சி.

படத்தின் நடுவே உள்ள ஒரு கட்டத்தைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். மலை உச்சியிலிருந்து இரவில் பனிச்சறுக்கி, ஒரு ஸ்கீ உடைந்தும் ஒற்றைக் காலில் சமாளித்துத் தப்பி வரும் பாண்ட், அடிவாரத்துக் கிராமத்தில் கிறிஸ்துமஸ் திருவிழாக் கூட்டத்துக்குள் நுழைந்துகொள்கிறான். துரத்தி வருகிறவர்கள் எல்லாப் பக்கமும் இருக்கிறார்கள். பனிக்கரடி வேஷம் போட்ட ஒருவன் விளையாட்டாக முன்னால் வந்து நிற்க, பாண்ட் திடுக்கிட்டுப்போகிறான். பனிச்சறுக்குத் திடலின் ஓரத்தில் கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, தலையைக் குனிந்து, ஒடுங்கி உட்கார்கிறான். களைத்துவிட்டான், பயந்துவிட்டான், இனி செய்ய ஒன்றுமில்லை என்று அவனுக்கே தெரிந்துவிட்டது. அப்போது சறுக்குக் காலணி அணிந்த இரண்டு கால்கள் அவன் எதிரே வந்து நிற்கின்றன. நிமிர்ந்து பார்த்தால் டிரேசி. காரை ஓட்டி அவனைக் காப்பாற்றிக் கொண்டுபோவது அவள். அதுவரை வந்த பாண்ட் படங்களில் இப்படி ஓர் உட்காரல் கிடையாது. தொடக்கத்தில் கடலிலிருந்து அவளை இவன் மீட்டான். இங்கே கூட்டத்திலிருந்து இவனை அவள் மீட்கிறாள். அன்றிரவு ஒதுங்கும் கொட்டிலில் அவன் கல்யாணப் பேச்சை எடுக்கும்போது நமக்கு அது பொய்யாகத் தோன்றாததற்குக் காரணம் இந்தச் சறுக்குத்திடல்தான். டயானா ரிக் என்ற தேர்ந்த நடிகை அந்த வேடத்தில் இருந்தது பாதி பலம். ‘தி அவெஞ்சர்ஸ்’ என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடரில் புகழ்பெற்றுவிட்டு வந்தவர் அவர்.

முடிவுக்கு வருவோம். கல்யாணம் முடிகிறது. எப்போதும் பாண்டுக்காக ஏங்கும் செயலாளர் மனிபென்னி அழுகிறாள். அவன் தன் தொப்பியை அவளிடம் வீசிவிட்டுப் போகிறான். போகும் வழியில் கார் மேலுள்ள பூக்களை அகற்ற ஓரமாக நிறுத்துகிறான். இன்னொரு கார் கடந்து போகிறது, துப்பாக்கி முழங்குகிறது. பாண்ட் பதறிக் காருக்குள் ஏறி, அது புளோஃபெல்ட் என்று கத்திக்கொண்டே திரும்பிப் பார்த்தால் டிரேசியின் நெற்றியில் குண்டு. மோட்டார்சைக்கிளில் வந்து விசாரிக்கும் போலீஸ்காரரிடம், அவள் ஓய்வெடுக்கிறாள், அவசரமே இல்லை என்கிற பொருளில் ஏதோ முணுமுணுக்கிறான். கடைசிப் பிம்பம், முன்கண்ணாடியில் குண்டு துளைத்த ஓட்டை. ஜான் பேரி மெட்டமைத்து, ஹால் டேவிட் எழுதி, லூயி ஆம்ஸ்ட்ராங் பாடிய ‘வி ஹேவ் ஆல் த டைம் இன் த வேர்ல்ட்’ பாட்டு நடுவில் காதல் காட்சிகளில் வந்திருக்கும்; காலம் நிறைய இருக்கிறது என்ற அதன் தலைப்பு இப்போது வேறு பொருள் கொள்கிறது. பாடியபோதே உடல் நலிந்திருந்த ஆம்ஸ்ட்ராங் 1971-ல் காலமானார். ஓட்டையின் மேல் நாம் மௌனமாக நிற்கும்போதே வழக்கமான பாண்ட் இசை தடதடவென்று கிளம்பிவிடுகிறது. இது ரசனைக் குறைவு என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒப்பந்தம் இன்னும் நடப்பில் இருக்கிறது, இவன் மறுபடி வரத்தான் போகிறான், ஆனால் இவள் வரமாட்டாள் என்பதை அந்த முரட்டு இசைபோல் வேறெதுவும் சொல்லியிருக்காது.

இந்தத் துணிச்சல் யாருடையது? இயக்குநர் பீட்டர் ஹன்ட் முதல் படத்திலிருந்தே பாண்ட் படங்களின் எடிட்டர். சண்டைக் காட்சிகளை நறுக்கு நறுக்கென்று வெட்டி, பார்க்கிறவன் யோசிப்பதற்குள் அடுத்த அடியைக் கொடுக்கும் பாணி அவர் கொண்டுவந்தது. இயக்குநராக அவருக்கு இது முதல் படம். பாண்ட் வரிசையில் கடைசியும் இதுதான். நாவலைவிட்டு விலகாமல் எடுப்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். வித்தைக் கருவிகள் அநேகமாக இல்லை. 2,970 மீட்டர் உயரமுள்ள ஷில்ட்ஹார்ன் சிகரத்தில் அப்போது கட்டிமுடிக்கப்படாதிருந்த சுழலும் உணவகத்தைப் படக்குழு தன் செலவில் முடித்துக்கொடுத்து, வில்லனின் கூடாரமாக்கியது. வில்லி போக்னர் என்ற ஜெர்மானியச் சறுக்கு வீரர் தானும் சறுக்கிக்கொண்டே, பின்பக்கமாகக்கூடச் சறுக்கிக்கொண்டு, கேமராவைக் கையில் பிடித்து எடுத்த காட்சிகளை இன்றும் யாரும் பழசு என்று சொல்வதில்லை.

இனி மறுப்புகள். முதலாவதும் வலுவானதும் லேசன்பியைப் பற்றியது. கானரி நடித்திருந்தால் இது எல்லாரும் ஒப்புக்கொள்ளும் காவியமாகியிருக்கும் என்பது பழைய பல்லவி. லேசன்பி பெரிய நடிகர் என்று நான் வாதாடப்போவதில்லை. பரம்பரைச் சின்னங்களை ஆராயும் அறிஞராக அவர் வேஷம் போடும் நெடிய பகுதியில் ஒலிப்பது அவர் குரலே இல்லை. ஜார்ஜ் பேக்கர் என்ற நடிகரின் குரலை ஒட்டியிருக்கிறார்கள். ஆனால் 1967-ல் கானரியின் பாண்ட் எப்படி இருந்தான் என்று நினைத்துப் பாருங்கள். அலுப்போடு புருவத்தை உயர்த்தி எரிமலையையே வென்றவன். அவன் சறுக்குத்திடல் ஓரத்தில் நடுங்கி உட்கார்ந்தால், அடுத்த நொடி என்ன தந்திரம் செய்வானோ என்று காத்திருப்போமே தவிர, அவன் பயத்தை நம்பமாட்டோம். லேசன்பிக்கு அந்தக் கவசம் இல்லை. புதியவனின் தடுமாற்றம், இந்தக் கதைக்கு வேண்டிய தடுமாற்றமாகவே அமைந்துவிட்டது. இதை நடிப்பின் வெற்றி என்று சொல்லமாட்டேன், அதிர்ஷ்டம். கலையில் அதிர்ஷ்டத்துக்கும் மதிப்பெண் உண்டு.

வேறு குறைகளும் இருக்கின்றன, மறைப்பதில் பயனில்லை. முந்தைய படத்தில் நேருக்கு நேர் பேசிய புளோஃபெல்டும் பாண்டும் இங்கே முதல் சந்திப்புபோலப் பழகுகிறார்கள். நாவல்கள் வந்த வரிசையை மாற்றிப் படமெடுத்ததன் விளைவு. சிகிச்சை மையத்துப் பெண்கள் கூட்டமாக வரும் காட்சிகள் இழுவை. மகளைக் கட்டிக்கொண்டால் பத்து லட்சம் பவுண்டு தருகிறேன், அவளுக்கு அடக்கி ஆள ஓர் ஆண் வேண்டும் என்று அப்பா பேரம் பேசுவதும், பின்னால் அவளைக் குத்தி மயங்கவைத்துத் தூக்கிப்போவதும் இன்று பார்க்கக் கூசுகின்றன. அந்தப் பணத்தைப் பாண்ட் கல்யாணத்தன்று திருப்பிக் கொடுத்துவிடுகிறான் என்பது சிறு ஆறுதல். ஒரு படத்தின்மேல் பற்று வைத்திருப்பவர் அதன் குறைகள் தெரியாதவர் என்பது தவறான நினைப்பு. பெரும்பாலும் அவரிடம் கேட்டால்தான் முழுப் பட்டியல் கிடைக்கும்.

இரண்டாவது மறுப்பு, இது மேதாவிகளின் பாசாங்கு. ஊர் ஒதுக்கியதை மெச்சிக்கொள்வது ஒரு பெருமை. அப்படிச் சிலர் இருக்கலாம். ஆனால் பாண்ட் வரிசையை எடுத்தவர்களே இந்தப் படத்தை விடமுடியாமல் திரும்பித் திரும்பி வந்ததை எப்படி விளக்குவது? 1977-ல் ‘தி ஸ்பை ஹூ லவ்ட் மீ’ படத்தில் ரஷ்ய உளவாளிப் பெண் அவன் கல்யாணத்தைக் குறிப்பிட்டதும் ரோஜர் மூரின் பாண்ட் முகம் மாறிப் பேச்சை வெட்டுகிறான். 1981-ல் ‘ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி’ டிரேசியின் கல்லறையில்தான் தொடங்குகிறது. 1989-ல் ‘லைசென்ஸ் டு கில்’ படத்தில் நண்பனின் கல்யாணத்தில் டிமோத்தி டால்ட்டனின் பாண்ட் சட்டென்று வாடிப்போகிறான்; அவன் முன்பு ஒருமுறை மணமானவன் என்று நண்பன் தன் மனைவிக்கு விளக்குகிறான். கடைசி இரண்டு படங்களையும் இயக்கியவர் ஜான் க்ளென். 1969-ல் லேசன்பி படத்தை எடிட் செய்து, இரண்டாவது படப்பிடிப்புக் குழுவையும் நடத்தியவர் இதே க்ளென்தான். ‘நோ டைம் டு டை’யோ ஆம்ஸ்ட்ராங்கின் பாட்டையே கடனாக வாங்கிப் படத்தின் முடிவில் ஒலிக்கவிட்டது. பாண்ட் படங்களில் தனக்கு மிகப் பிடித்தது இதுதான் என்று சொல்லிவரும் கிறிஸ்டோஃபர் நோலன், ‘இன்செப்ஷன்’ படத்தின் பனிக்கோட்டைச் சண்டையில் அந்தக் கடனை வெளிப்படையாகவே காட்டினார். பாசாங்கு இத்தனை ஆண்டு தாக்குப்பிடிக்காது.

மூன்றாவது மறுப்பு கொஞ்சம் அறிவியல் வாசனை உள்ளது. பிடித்த படம் என்பது தற்செயல். எந்த வயதில் எதைப் பார்த்தோம், எத்தனை முறை பார்த்தோம் என்பதுதான் கணக்கு. ஒரு பொருளைத் திரும்பத் திரும்பப் பார்த்தாலே அதன்மேல் விருப்பம் கூடும் என்று 1968-லேயே ராபர்ட் ஸயான்ஸ் என்ற உளவியலாளர் எழுதினார். உதய்பூரில் படமான ‘ஆக்டோபஸி’ (1983) படத்தில் நம் சென்னை டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ் ராக்கெட்டைச் சுழற்றி எதிரிகளை அடித்ததற்காகவே அந்தப் படத்தை விரும்பும் தமிழர்கள் உண்டு. அவர்களோடு வாதிட யாருக்கு மனம் வரும்? பழக்கம் விருப்பத்தை வளர்க்கும் என்பது உண்மைதான். ஆனால் அது வரிசை முழுவதன்மேலும் உள்ள பிரியத்தைத்தான் விளக்கும். லேசன்பி படத்தின் இன்றைய ரசிகர்களில் பெரும்பாலோர் 1969-ல் பிறந்தே இருக்கவில்லை. வெவ்வேறு நாட்டில், வெவ்வேறு பாண்டோடு வளர்ந்தவர்கள் எல்லாரும் ஒரே படத்தில் வந்து நிற்கிறார்கள் என்றால், தற்செயல் என்ற விடை போதவில்லை.

கடைசியாக ஒன்று. இதே வேலையை 2006-ன் ‘கஸினோ ராயல்’ இன்னும் நன்றாகச் செய்துவிட்டதே? அங்கேயும் பாண்ட் காதலிக்கிறான், வேலையை விடுகிறான், அவளை இழக்கிறான். டேனியல் கிரெய்க் லேசன்பியைவிடப் பல மடங்கு தேர்ந்த நடிகர். படமாக அது உயர்ந்தது என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் ‘கஸினோ ராயல்’ பழைய கணக்கைத் துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கிய படம். இந்தப் பாண்டுக்கு அடிபடும், ரத்தம் வரும், காயம் அடுத்த படத்துக்கும் தொடரும் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். இழப்பு அங்கே ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட ஒரு ஷரத்து. 2021-ல் பாண்டையே சாகடித்தபோதும் அப்படித்தான். மனம் கனத்தது, திகைக்கவில்லை. 1969-ல் அரங்கில் உட்கார்ந்தவருக்கு எந்த முன்னறிவிப்பும் கிடையாது. ஆறாவது தடவையாக அதே பாதுகாப்பான வீட்டுக்குள் நுழைந்தவர், வெளியே வரும்போது வீட்டில் ஒருவர் குறைந்திருந்தார்.

அதனால், இந்தப் படத்தை இதுவரை பார்க்காதவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: முதல் பாண்ட் படமாக இதைப் பார்த்துவிடாதீர்கள். ‘டாக்டர் நோ’, ‘கோல்டுஃபிங்கர்’, ‘யூ ஒன்லி லிவ் டுவைஸ்’ என்று கானரியின் படங்களில் மூன்றையாவது முதலில் பாருங்கள், அவனுக்கு ஒன்றும் ஆகாது என்று உங்களுக்கே சலித்துப்போகும் வரை. பிறகு இதைப் போடுங்கள். இரண்டு மணி 22 நிமிடம். கல்யாணம் முடிந்ததே என்று நடுவில் எழுந்துவிட வேண்டாம்.